ஒருமையில் அழைத்தவள்

அந்த முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசையாகப் பெயர் வைத்த பெற்றோருக்கு வேண்டுமானால் வருத்தம் இருந்திருக்கலாம், அவளுக்கு இல்லை. இங்கே வேலைக்கு வருமுன் பல வருஷம் நெசவு மில்லில் இருந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை, மில்லை இழுத்து மூடிய பிறகும் கீழே இறங்க மறுத்துவிட்டது. குளிப்பாட்டும்போது பேச்சு, ஊட்டும்போது பேச்சு, படுக்கை விரிப்பை மாற்றும்போதும் பேச்சு. கேட்க ஆள் இல்லாவிட்டால் கையில் இருக்கும் வாளியைத் திட்டிக்கொண்டு போவாள். வீட்டில் கணவர் லாரி மெக்கானிக். வாயில் ஸ்பானரைக் கவ்விக்கொண்டு பிறந்த மாதிரி ஓர் அமைதி அவருக்கு. பேச ஒருத்தி, கேட்க ஒருத்தர் என்று பாகம் பிரித்துக்கொண்டு குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் ஓட்டி வந்தார்கள்.

அப்படிப்பட்டவள் நாலே நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியோடு காலம் தள்ளினாள் என்றால் அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

கீழ்த்தளத்தில் கடைசி அறை கேப்டனம்மாவுடையது. பெரிய ஜன்னல், வெளியே ஒரு மரம், மத்தியானம் வரைக்கும் வெயில். அவருடைய கணவர் சரக்குக் கப்பல் கேப்டனாக இருந்தவர். எங்கோ தொலைதூரத்துத் துறைமுகத்தில் இவரைப் பார்த்து, மனம் ஒத்துப்போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு அழைத்து வந்துவிட்டார். ஸ்பானிஷ் பேசுகிற மண்ணில் பிறந்த பெண், வந்த இடத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டு ஆயுளில் பெரும்பகுதியைத் தமிழிலேயே கழித்தார். கடைக்காரரோடு பேரம் பேசியது தமிழில், மகனை அதட்டியது தமிழில், கேப்டன் போய்ச் சேர்ந்தபோது அழுததும் தமிழில்தான். பிறகு மறதி நோய் வந்தது. பின்னால் கற்ற பாஷை முன்னால் போகக்கூடும் என்று டாக்டர் சொன்னார், போயிற்று. மிஞ்சியது பிறந்த வீட்டு ஸ்பானிஷ் மட்டும். இல்லத்தில் அதில் ஒரு வார்த்தை தெரிந்தவர் யாருமில்லை. மகன் வெளிநாட்டில் இருந்தார்.

ஒரு காலையை மறு காலை அவர் நினைவில் வைத்திருக்கவில்லை. தினமும் விடிந்ததும் முன்பின் தெரியாத யாரோ அறைக்குள் வருகிறார்கள், புரியாத பாஷையில் என்னவோ சொல்கிறார்கள், போர்வையை இழுக்கிறார்கள், உடுப்பைக் கழற்றுகிறார்கள். அடிக்காமல் வேறென்ன செய்வார்? நம்மை அப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? கேப்டனம்மா அடித்தார், கிள்ளினார், ஒருமுறை சூப்புக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

"இப்படியே போனா மாடிக்குத்தான் அனுப்பணும். எனக்கு வேற வழி தெரியல," என்றார் இல்லத்தைக் கவனித்துக்கொண்ட தலைமை நர்ஸ்.

மாடி என்றால் பூட்டிய கதவு. யாரையும் பிறாண்டாதபடி இரண்டு கைக்கும் பஞ்சு வைத்துத் தைத்த உறை. மாடியில் வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்வது பாவம். ஆள் குறைவு, நோயாளிகள் அதிகம், அவ்வளவுதான். ஆனால் மாடிக்குப் போன ஒருவரும் திரும்பிக் கீழே வந்து ரேடியோ பார்த்ததில்லை.

கேப்டனம்மாவிடம் அவளும்தான் அடி வாங்கியிருந்தாள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"என்னங்க, என்னை ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருன்னாலே எனக்கு மூச்சு முட்டும். அந்தம்மாவுக்குப் பேச ஒரு ஆள் கிடையாது. அவங்க சொல்றது ஒரு காதுக்கும் புரியல. பேச்சே இல்லாம ஒரு மனுஷி செத்துப்போறதா? அந்த ஜன்னலையும் பிடுங்கிக்கிட்டு மாடியில அடைச்சிட்டா அப்புறம் அவங்களுக்கு என்னதான் மிச்சம்?"

"போன்ல தேடிப் பாரு. எல்லாம் இருக்கும்," என்றார் மெக்கானிக். அவரைப் பொறுத்தவரை அது மேடைப் பேச்சு.

தேடினாள், இருந்தது. டை கட்டிய ஓர் இளைஞர் ஓட்டல் வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்காகத் தமிழில் நடத்திய ஸ்பானிஷ் பாடம். முதல் பாடம் வணக்கம் சொல்வது, இரண்டாவது தன்னை அறிமுகம் செய்துகொள்வது. பேருந்தில் போகும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே கேட்டாள். புவேனோஸ் தியாஸ் என்றால் காலை வணக்கம். மே யாமோ என்றால் என் பெயர். கோமோ சே யாமா உஸ்தேத் என்றால் உங்கள் பெயர் என்ன. மூச்சோ குஸ்தோ என்றால் உங்களைச் சந்தித்ததில் சந்தோஷம். கடைசியை மனப்பாடம் செய்வது சுலபமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குஸ்தி போடுவதாக நினைத்துக்கொண்டாள், அது பாட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. உஸ்தேத்துதான் படுத்தி எடுத்தது. தும்மல் பாதியில் நின்றுபோன மாதிரி ஒரு சத்தம். ஆனால் அதை விடக் கூடாது என்று டைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உஸ்தேத்னா நீங்க. விருந்தாளிக்கு எப்பவும் உஸ்தேத். மரியாதை முக்கியம்."

ஒரு காலையில் ரேடியோ கடைசி அறைக்குள் திமுதிமுவென்று நுழையாமல், திறந்த கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்தபடி கேப்டனம்மா முறைத்தார்.

"புவேனோஸ் தியாஸ்," என்றாள் ரேடியோ.

முறைப்பு நின்றது. போர்வை சற்றுக் கீழே இறங்கியது. பதற்றத்தில் ரேடியோ பாடத்தில் அடுத்து வருவதையும் சேர்த்து ஒப்பித்துவிட்டாள். எங்கள் ஓட்டலுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம் என்பது அதன் அர்த்தம். கேப்டனம்மா சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பையும் இரும்புக் கட்டிலையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஓட்டல் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவசரமாக அடுத்ததற்குத் தாவினாள் ரேடியோ. "மே யாமோ..." என்று ஆரம்பித்து, வாய்ப்பழக்கத்தில், "ரேடியோ," என்று முடித்துவிட்டாள்.

"ராதியோ?" என்றார் கேப்டனம்மா. அந்தப் பெட்டிக்கு அவருடைய பாஷையிலும் அதே பெயர்தான். காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஒரு குமிழைத் திருகுவதுபோல் விரல்களைத் திருப்பினார். பிறகு சிரித்தார். இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்துத் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரைச் சொன்னார். மூச்சோ குஸ்தோ என்று கையை நீட்டினார். அன்றைக்குக் குளியல் ஓர் அடி இல்லாமல் முடிந்தது.

மறுநாள் காலை ரேடியோ அவருக்கு மறுபடியும் புது ஆள். மறுபடியும் கதவைத் தட்டினாள், வணக்கம் சொன்னாள், பெயர் சொன்னாள். அவர் மறுபடியும் குமிழைத் திருகிச் சிரித்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவருக்கு அந்த வேடிக்கை ஒரு நாளும் பழசாகவில்லை. ரேடியோவுக்கும் அலுக்கவில்லை. அலுக்காதது மட்டுமா, தலை கால் புரியவில்லை அவளுக்கு. "எனக்கு ரெண்டு பாஷை தெரியுமாக்கும்," என்று துணி துவைக்கிறவளிடமும் தோட்டக்காரரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தாள். "ஏன்க்கா, இன்னைக்காவது உங்க பேரை ஞாபகம் வச்சிருந்தாங்களா?" என்று மற்றவர்கள் சீண்டினால், "நீ முதல்ல தமிழை ஒழுங்காப் பேசு," என்று அடக்கிவிடுவாள். மாடிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் அடி விழுந்தது.

நிர்வாகக் குழுவினர் இல்லத்தைப் பார்வையிட வந்த நாள் அது. தலைமை நர்ஸ் அவர்களைக் கடைசி அறைக்குத்தான் முதலில் அழைத்து வந்தார். எங்கள் ரேடியோ இவருக்காக ஸ்பானிஷ் படித்திருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லத்தான். ரேடியோ கேப்டனம்மாவுக்குத் தலை வாரி விட்டுக்கொண்டிருந்தாள். வாசல் நிறைய ஆட்கள் நிற்பது தெரிந்ததும் அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. மடியில் இருந்த காலை ரொட்டியை கேப்டனம்மா இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை ரேடியோவிடம் நீட்டி, உட்கார் என்பதுபோல் கட்டிலைத் தட்டினார்.

ரேடியோ தன் நெஞ்சில் விரலை வைத்து, "நானா?" என்றாள்.

கேப்டனம்மா அவள் கண்ணையே பார்த்தார். "சீ. தூ," என்றார்.

ரேடியோவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "நானா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"சீ! தூ!" இந்த முறை சத்தம் பலமாக வந்தது. ரொட்டியை அவள் நெஞ்சில் வைத்தே தள்ளினார் கேப்டனம்மா. துகள்கள் சேலையெல்லாம் சிதறின.

வாசலில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "ஸ்பானிஷ் ரொம்பப் பிரமாதம் போல. காறித் துப்பாத குறையாச் சொல்றாங்களே!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சீ என்றால் ஆமாம் என்று பாடத்தில் வந்திருந்தது, ரேடியோவுக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் ஒரு தூ வந்து உட்கார்ந்த பிறகு எந்தத் தமிழ்க் காதுக்கு வேறு அர்த்தம் ஏறும்? துப்புவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், துணி வைக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். இத்தனை பாடுபட்டுப் படித்ததற்கு இதுவா கிடைத்தது என்று ஆத்திர ஆத்திரமாக வந்தது.

அன்றே தலைமை நர்ஸிடம் போய் நின்றாள். "சிஸ்டர், என்னை வேற பக்கம் போடுங்க."

"நோயாளி சொன்னதைப் போய் மனசுல வச்சுக்கலாமா?"

"மனசுல வச்சுக்கல சிஸ்டர். துப்பினது மூஞ்சியில. அங்கதான் வச்சிருக்கேன்."

ஆண்கள் பகுதிக்கு அவளை மாற்றினார்கள். கடைசி அறையைக் கடந்து போக வேண்டியிருந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். உள்ளேயிருந்து அலறலும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்கும். அந்த அறைக்குப் புதிதாகப் போட்ட பெண் நல்ல வேலைக்காரி, ஆனால் வணக்கம் சொல்லத் தெரியாதவள். சீக்கிரத்தில் ஒரு காலை அந்த அறைக் கட்டிலின் மெத்தை முற்றத்தில் வெயிலில் கிடந்தது. கேப்டனம்மாவை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரேடியோ அந்த மெத்தையின் முன் நின்றுவிட்டாள். ஆனாலும் வீம்பு விடவில்லை. 'எனக்கென்ன வந்தது, நான் வெறும் சீ தூ தானே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். வாளியிடம்கூட அன்றைக்கு அவள் பேசவில்லை.

இல்லத்து அலுவலகத்தை அவள் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. எடுக்க யாருமில்லை, அவளே எடுத்தாள். கேப்டனம்மாவின் மகன்.

"அம்மாவை மாடிக்கு மாத்திட்டதாத் தகவல் வந்துச்சு. நீங்க யார் பேசறது?"

"இங்க வேலை செய்யறவதான் தம்பி. ரேடியோம்பாங்க."

"ஐயோ, நீங்கதானா அக்கா? நீங்க பாத்துக்கிட்ட வரைக்கும் அம்மா நல்லா சாப்பிட்டாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. ஏன்க்கா விட்டுட்டீங்க?"

கேட்ட குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அதுதான் அவளைச் சீண்டியது. "உங்கம்மா என்னை நாலு பேர் முன்னாடி சீ தூன்னு சொல்லிட்டாங்க தம்பி. நானும் மனுஷிதானே?"

மகன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"எப்படிச் சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"அதை என் வாயால வேற சொல்லணுமா? சீ. தூ. ரொட்டியக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு, நானான்னு கேட்டா, சீ தூ."

ஒரு சத்தம் கேட்டது. இவரும் சிரிக்கிறாரே என்று ரேடியோவுக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் அழுகிறார் என்று தெரிந்தது.

"அக்கா, சீன்னா ஆமா. தூன்னா நீ. 'நானா'ன்னு நீங்க கேட்டதுக்கு, 'ஆமா, நீதான்'னு சொல்லியிருக்காங்க."

"நீங்கன்னா உஸ்தேத்னுதானே பாடத்துல சொன்னாங்க?"

"அது வெளியாளுக்கு. வீட்டு ஆளுக்குத்தான் தூ. அம்மா அந்த ஊர்ல ரெண்டே பேரைத்தான் அப்படிக் கூப்பிட்டாங்க. அப்பாவையும் என்னையும். அப்பாவைத் தெருவுல வச்சு ஒரு தடவை தூன்னு கூப்பிட்டதுக்குப் பக்கத்து வீட்டு அத்தை எங்களோட பேச்சையே நிறுத்திட்டாங்க." அவர் சிரிக்க முயன்றார், குரல் உடைந்தது. "போன தடவை நான் வந்திருந்தப்ப, என்னைப் பார்த்து உஸ்தேத்னாங்க அக்கா. பெத்த பிள்ளைய. உங்களை நீன்னு சொல்லியிருக்காங்க."

ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு பெரிய ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதைத் துப்பலென்று நினைத்துத் துடைத்துப் போட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த நீயை வச்சுப் பேசறது எப்படின்னு எனக்குச் சொல்லித் தாங்க," என்றாள் கடைசியில். உடனே தயங்கினாள். "வயசுல பெரியவங்களப் போய் நீன்னு சொல்லலாமா?"

"நீங்க உங்கம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவள் அம்மாவை நீ என்றுதான் கூப்பிட்டிருந்தாள். மேலே ஒன்றும் கேட்காமல் அவர் சொன்னதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தரை பாதி துடைத்தபடியே கிடந்தது.

போனை வைத்ததும் மாடிக்கு ஓடினாள். கேப்டனம்மா கட்டில் ஓரத்தில் குறுகி உட்கார்ந்திருந்தார். தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. உறை மாட்டிய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. காலையில் வைத்த தட்டு அப்படியே இருந்தது. ரேடியோ வாசலில் நின்று, கதவைத் தட்டி, வணக்கம் சொன்னாள். பெயரையும் சொன்னாள். மெதுவாகத் தலை திரும்பியது. மூச்சோ குஸ்தோ என்று உதடு அசைந்தது. அருகில் போய் உறைகளை அவிழ்த்தபோது அவர் அடிக்கவில்லை. என் கைகளை விடுவித்ததற்கு நன்றி என்பதுபோல் ஏதோ சொன்னார். அந்தப் பேச்சில் உஸ்தேத் இருந்தது. ரேடியோவின் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

தலைமை நர்ஸிடம் சண்டை போட்டு மாடி வேலையைக் கேட்டு வாங்கினாள். உறைகளை இனி மாட்டக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வைத்தாள். கீழ் அறை மட்டும் கிடைக்கவில்லை. "அந்த ரூமுக்கு வேற ஆள் வந்தாச்சு ரேடியோ. நீ நடுவுல விடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த நர்ஸ் பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லாத பாதியும் ரேடியோவுக்குக் கேட்டது. மாடி ஜன்னலில் மரம் தெரியாது, எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். கேப்டனம்மாவின் நாற்காலியைத் தினமும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டுபோய், கிடைக்கிற வெயிலில் வைப்பாள்.

குளியல் நடந்தது, சாப்பாடு இறங்கியது. ஆனால் அந்த நீ திரும்பி வரவில்லை. ஒவ்வொரு காலையும் ரொட்டியைக் கொடுத்துவிட்டு எதிர்பார்த்து நிற்பாள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மனம் அடித்துக்கொள்ளும். உஸ்தேத் மட்டும்தான் வந்தது. யாரையும் அவள் நொந்துகொள்ளவில்லை. கிடைத்தபோது வாங்கிக்கொள்ளத் தெரியாமல் போனது தன் தப்புதான் என்று கணவரிடம் சொன்னாள். அவர் அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தார்.

குளிர் காலம் வந்தது. கேப்டனம்மா இளைத்துக்கொண்டே போனார். குமிழைத் திருகும் விரல்கள் பாதியில் நின்றுவிடும், சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதித்து வரும். ஒரு காலையில் ரேடியோ வழக்கம்போல் வணக்கம் சொல்லி, "மே யாமோ ராதியோ," என்று முடித்துக் காத்திருந்தாள். அடுத்து அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அது.

சொல்லவில்லை. வாய் திறந்தது, மூடியது. கண்ணில் ஒரு கலக்கம் வந்தது. தன் நெஞ்சில் தானே விரலை வைத்துக்கொண்டார்.

"இ யோ?" என்றார்.

யோ என்றால் நான். இரண்டாம் பாடத்திலேயே வந்த வார்த்தை. அப்படியானால் நான் யார் என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு டைக்காரர் பாடம் நடத்தியிருக்கவில்லை.

"இ யோ?" மறுபடியும், இன்னும் மெதுவாக. பயந்துபோயிருந்தார்.

ரேடியோ ஓடிப்போய்க் கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நெஞ்சில் இருந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"தூ," என்றாள். மறுபடியும் சொன்னாள். "தூ தே யாமாஸ்..." உன் பெயர். அந்தப் பெயரையும் சொன்னாள். இல்லத்தில் யாரும் கூப்பிடாத பெயர். இத்தனை காலைகளிலும் அவரே இவளிடம் சொன்ன பெயர். அவர் இழுத்துச் சொல்லும் அதே இடத்தில் இழுத்துச் சொன்னாள்.

கேப்டனம்மா அதைக் கேட்டார். ஒருமுறை உதட்டளவில் சொல்லிப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சொன்னார். யாரோ நல்லவரின் பெயர் என்பதுபோல் முகம் தெளிந்தது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூச்சோ குஸ்தோ," என்றார் அந்தப் பெயரிடம், மரியாதையாக.

அன்றிலிருந்து கேப்டனம்மா இருந்தவரை, ரேடியோ தினமும் காலையில் இரண்டு பேரை அறிமுகம் செய்துவைத்தாள். முதலில் தன்னை, பிறகு அவரை.